சென்னையில் வேலை, வருமானம், வறுமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி மாணவர்கள், குடியிருப்போர் சங்கத்தினர், புதிதாகத் தொழிற்சங்க வேலைக்கு வரும் இளைஞர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் விளங்கும்.

சென்னை என்று எந்த எல்லையைச் சொல்கிறீர்கள்?

மாநகராட்சி எல்லை 426 சதுர கிலோமீட்டர். 200 வார்டுகள். 2011-க்கு முன்பு இது வெறும் 174 சதுர கிலோமீட்டராக இருந்தது. பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டர். அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து 2022 அக்டோபரில் அரசாணை வந்தது. பிழைப்பைப் பற்றிப் பேசும்போது மாநகராட்சி எல்லையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. வியாசர்பாடியில் குடியிருப்பவர் விடிகாலை கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்குப் போகிறார். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வந்து தி.நகர் துணிக்கடையில் நிற்கும் பெண்ணும் இந்த நகரத்துத் தொழிலாளிதான்.

இவ்வளவு கம்பெனிகள் இருக்கும் ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அதை வறுமையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் வாராந்தர நிலையை இப்படி அளக்கிறார்கள்: கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். காலையில் கூலிக்கு ஆள் எடுக்கும் முனையில் ஆறு நாள் நின்று, ஒரே ஒரு நாள் மட்டும் கூப்பிடப்பட்டவரும் அந்தக் கணக்கில் வேலை உள்ளவராகவே பதிவாவார்.

வேலையில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருப்பவர்களில் பலர் படித்த இளைஞர்கள். பொறியியல் முடித்துவிட்டு நல்ல வேலைக்காகக் காத்திருக்க அவர்களுக்கு அப்பா அம்மாவின் வருமானம் இருக்கிறது. கையில் ஒன்றும் இல்லாதவருக்குக் காத்திருக்க வழியில்லை. கிடைத்த வேலைக்கு, கிடைத்த கூலிக்குப் போய்விடுவார். சென்னையின் ஏழைக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் உழைக்கிற ஆள் ஒருவராவது உண்டு. பல வீடுகளில் இரண்டு மூன்று பேர். வேலை செய்துகொண்டே ஏழையாக இருப்பதுதான் இந்த நகரத்தின் வறுமை.

வறுமைக் கோடு என்ன சொல்கிறது?

வறுமையை அளக்க மத்திய அரசின் திட்டக் குழு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறையில் 2011-12-க்கு தமிழ்நாட்டு நகர்ப்புறத்துக்கு வகுத்த கோடு ஆளுக்கு மாதம் 937 ரூபாய், அதாவது நாளைக்கு 31 ரூபாய். அதன்படி மாநில நகர்ப்புற மக்களில் 6.54 சதவீதம் பேர் ஏழைகள். அந்தக் கோடு மிகக் கீழே இருக்கிறது என்ற எதிர்ப்பு எழுந்த பிறகு ரங்கராஜன் குழு நாடு முழுவதற்கும் நகர்ப்புறக் கோட்டை 1,407 ரூபாயாக உயர்த்தச் சொன்னது. இப்போது அதிகம் பேசப்படுவது நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடு. 2019-21 தரவுப்படி தமிழ்நாட்டு மக்களில் 2.20 சதவீதம் பேர்தான் அந்தக் குறியீட்டில் ஏழைகள்.

இந்த எண்களைப் பொய் என்று தள்ள மாட்டேன். பள்ளிக்கூடம், மின்சாரம், வங்கிக் கணக்கு, பிரசவப் பராமரிப்பு போன்றவற்றில் தமிழ்நாடு வெகுதூரம் முன்னேறியிருப்பதை அந்தக் குறியீடு சரியாகவே காட்டுகிறது. வாடகைப் பாக்கி, தினத் தவணையில் கட்டும் தண்டல் கடன், அடுத்த வாரம் வேலை இருக்குமா என்ற பயம் ஆகியவை அதன் கேள்வித்தாளிலேயே இல்லை. அதே ஊரில், 2011 கணக்கெடுப்பின்படி, பழைய மாநகராட்சி எல்லைக்குள் இருந்த 46 லட்சம் பேரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். நூற்றுக்கு 29 பேர்.

கொத்தனாருக்கு நாளைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூலி. மாதம் முப்பதாயிரம் வருமே, அவர் எப்படி ஏழை?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஒரு உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் கொத்தனார், கூலி 1,100 ரூபாய். மனைவி மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்து மாதம் 7,500 ரூபாய் கொண்டுவருகிறார். இரண்டு பிள்ளைகள், வயதான தாயார். ஆக ஐந்து பேர்.

கொத்தனாருக்கு 30 நாளும் வேலை கிடையாது. ஞாயிறு, அமாவாசை, ஜல்லி வராத நாள், ஓனர் பணம் தராத நாள், மேஸ்திரி அடுத்த சைட்டுக்கு மாறும் இடைவெளி எல்லாம் போக, சாதாரண மாதத்தில் 18 நாள் என்று வைப்போம். 19,800 ரூபாய். மனைவியின் சம்பளத்தோடு 27,300.

இனி செலவு. ஒற்றை அறையும் சமையல் மேடையும் உள்ள வீட்டு வாடகை 7,000. வீட்டுக்காரர் யூனிட் கணக்குப் போட்டு வாங்கும் கரன்ட் 700. கேன் தண்ணீர் 500. கேஸ் 900. மளிகை, காய், பால், வாரம் ஒருநாள் கறி 9,000. பிள்ளைகளின் படிப்பு, டியூஷன், ஷேர் ஆட்டோ 3,500. செல்போன் ரீசார்ஜ் 600. கணவரின் பெட்ரோல், டிபன், டீ 3,000. சீட்டும் குழு லோன் தவணையும் 3,000. தாயாருக்குச் சர்க்கரை மாத்திரை 800. மொத்தம் 29,000. சாதாரண மாதத்திலேயே 1,700 ரூபாய் துண்டு விழுகிறது. இதில் துணிமணி இல்லை, ஊர்த் திருவிழா இல்லை, யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

தை, மாசி, பங்குனியில் 24 நாள் வேலை கிடைத்தால் வருமானம் 33,900-க்கு ஏறும். பழைய பாக்கியைத் தீர்க்கவே அது சரியாகப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்பது நாள்தான் வேலை என்றால் வருமானம் 17,400. பெட்ரோலும் டிபனும் பாதியாகக் குறையலாம். வாடகை குறையாது, பள்ளிக்கூடம் குறையாது, தவணை குறையாது. ஏறத்தாழ 10,000 ரூபாய் பள்ளம். கூலி நாள் கணக்கில் வருகிறது, செலவு மாதக் கணக்கில் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்தப் பள்ளத்தை எப்படி நிரப்புகிறார்கள் என்று பார்த்தால் வறுமையின் பாதிக் கதை தெரிந்துவிடும்.

இந்தக் குடும்பம் எந்த வறுமைக் கோட்டுக்கும் கீழே வராது. ஆளுக்கு மாதம் 5,800 ரூபாய் செலவழிக்கிறார்கள். 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு நகர்ப்புறச் சராசரி 7,630 ரூபாய். அதற்குக் கீழே, ஆனால் கோட்டுக்கு வெகு மேலே. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. சென்னையில் மாதம் 10,000 ரூபாயில் ஐந்து பேர் வாழ முடியுமா? வரம்பை வகுத்தவர்கள் சென்னை வாடகையைக் கணக்கில் எடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்தப் பள்ளத்தைத் தண்டல் வாங்கித்தானே நிரப்புகிறார்கள்? வட்டி எவ்வளவு வரும்?

தண்டல்காரர் 10,000 ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 தருவார். தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சாயங்காலம் வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டு சின்ன அட்டையில் குறித்துக் கொடுப்பார்.

1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால் 100 நாளும் கையில் 8,500 இருப்பதில்லை. சராசரியாக 4,250 ரூபாய்தான் கடன் நிற்கிறது. அதற்கு 100 நாளில் 1,500 வட்டி என்றால் 35 சதவீதம். ஆண்டுக் கணக்கில் 130 சதவீதத்தை நெருங்குகிறது. நகைக்கடனுக்கு வங்கி வாங்குவதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். இதைவிடக் கொடியது ரன் வட்டி. மார்க்கெட்டில் விடிகாலை 900 ரூபாய் வாங்கிக் காய் எடுக்கும் அம்மா, இரவு 1,000 ரூபாயாகத் திருப்பித் தருகிறார்.

தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கடன் நிறுவனங்கள் வீட்டு வாசலில் நின்று மிரட்டுவதைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது. புகார் கொடுப்பவர் மிகச் சிலர். அடுத்த மழைக்கும் அதே தண்டல்காரரிடம்தான் போயாக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் ஜாமீன் கேட்பதில்லை, சம்பளச் சீட்டு கேட்பதில்லை, பத்து நிமிடத்தில் பணம் தருகிறார். அதே வேகத்தில், நியாயமான வட்டியில், சின்னத் தொகை தரும் அமைப்பு இல்லாதவரை சட்டம் மட்டும் போதாது. தெரு வியாபாரிகளுக்கு 2020-ல் தொடங்கிய மத்திய அரசின் ஸ்வநிதி கடன் அந்தத் திசையில் ஒரு நல்ல தொடக்கம். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அப்படி ஒன்று இல்லை.

சம்பாதிப்பதை எல்லாம் குடித்துவிடுகிறார்கள், அதனால்தான் முன்னேறவில்லை என்கிறார்களே?

குடி பல வீடுகளை அழித்திருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. நாளைக்கு ஒரு குவார்ட்டர் என்றாலே மாதம் பல ஆயிரம் ரூபாய் போய்விடும். அந்த அடி முதலில் விழுவது மனைவி மீது. ஆனால் மேலே போட்ட கணக்கில் குடிக்கு ஒரு ரூபாய்கூட எழுதவில்லை. கணவரை இழந்து தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் நகரமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் குடிப்பவர் யாரும் இல்லை, பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது.

முன்பு சென்னையில் நிரந்தர வேலைகள் நிறைய இருந்தனவே, அவை எங்கே போயின?

வடசென்னைப் பெரியவர்களிடம் கேட்டால் பின்னி மில்லில் தொடங்குவார்கள். பெரம்பூரில் அந்தப் பின்னி கம்பெனியின் பக்கிங்காம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் எல்லாம் அதில் நின்றவர்கள். 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இதே ஊரில்தான். அந்த ஆலை 1996-ல் மூடப்பட்டது. ஆலை வேலை என்றால் மாதச் சம்பளம், பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. என்னும் மருத்துவக் காப்பீடு, ஓய்வுபெறும்போது கையில் ஒரு தொகை. பெண் பார்க்கும்போது "மில்லு வேலை" என்று சொன்னாலே போதும்.

கிண்டித் தொழிற்பேட்டையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தன. 1990-களின் இறுதியில் கார் கம்பெனிகள் மறைமலை நகருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்தன. 2000-ல் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்து பழைய மாமல்லபுரம் சாலை மாறியது. வேலை எண்ணிக்கை பெருகியது, வேலையின் தன்மை மாறிவிட்டது. தொழிற்சாலைக்குள் ஒரே லைனில் நிற்கும் பத்துப் பேரில் நிரந்தரத் தொழிலாளி, பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளி என்று மூன்று வகை. செய்வது ஒரே வேலை, சம்பளம் வேறு வேறு.

கம்பெனியே கிளம்பிப் போவதும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் நின்றது. மறைமலை நகர் ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை முடித்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தச் சம்பளத்தை நம்பி மனை வாங்கி, கடன் போட்டிருந்தன.

சங்கம் வைக்கக்கூட இன்று போராட வேண்டியிருக்கிறது. சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். 1918-ல் கேட்டதையே 106 ஆண்டு கழித்தும் கேட்க வேண்டியிருந்தது எனக்கு வேதனை தருகிறது.

ஒப்பந்தம் என்றால் என்ன கெட்டுவிட்டது? வேலை வேலைதானே?

2025 ஆகஸ்ட் 1 முதல் 13 வரை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6-ஆம் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்து நடந்த போராட்டம் அது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வேலை செய்துவந்த இவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்; பத்து ஆண்டுக்கு மேல் அதே தெருக்களைக் கூட்டியவர்கள் பலர். மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்த நிறுவனத்தில் சேர்ந்தால் சுமார் 17,000 ரூபாய். நீதிமன்ற உத்தரவைக் காட்டி 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் இலவச உணவு உள்ளிட்ட சலுகைகளை அரசு அறிவித்தது.

குறைந்துபோகும் அந்த 6,000 ரூபாயை மேலே உள்ள குடும்பக் கணக்கில் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரு மாத வாடகை. குப்பை அள்ளும் வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தலித்துகள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். கோவிட் காலத்தில் அவர்கள் காலைக் கழுவி மாலை போட்ட ஊர், சம்பளம் என்று வந்ததும் அதைத் தொடர்ந்து தரத் தயங்கியது.

குடிசையிலிருந்து அடுக்குமாடி வீடு கொடுத்திருக்கிறார்களே, அது முன்னேற்றம் இல்லையா?

நல்ல சுவர், தனிக் கழிப்பறை, மின்சாரம் என்ற வகையில் முன்னேற்றம். பிழைப்பு என்ற வகையில் பலருக்குப் பெரிய இடி.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் நோக்கமாக இருந்தது. மந்தைவெளி, சிந்தாதிரிப்பேட்டை, ராயபுரம் என ஊருக்கு நடுவே இன்றும் இருக்கும் வாரியக் குடியிருப்புகள் அப்படி வந்தவை. 2000-ல் கண்ணகி நகர் வந்ததிலிருந்து பாதை மாறியது. பின்பு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, 25 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். தீவுத்திடல் அருகே இருந்த சத்தியவாணி முத்து நகர் மக்களை 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவே, பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள்.

வீட்டு வேலை செய்யும் பெண்ணின் நாளை நினைத்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு முதல் வீடு, எட்டுக்கு இரண்டாவது, பத்துக்கு மூன்றாவது. நடுவில் ஓடிவந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவார். வீடுகள் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்ததால்தான் அது நடந்தது. பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு ஆறு மணிக்குப் போய்ச் சேர நாலரைக்குக் கிளம்ப வேண்டும். மூன்று வீடு ஒரு வீடாகிறது, பிறகு அதுவும் நின்றுபோகிறது. மீன் விற்பவர், சுமை தூக்குபவர், கல்யாண மண்டபத்தில் பரிமாறுபவர் எல்லாருக்கும் வேலை இரவிலோ விடிகாலையிலோதான் இருக்கிறது, அந்த நேரத்தில் பஸ் இல்லை.

முகவரியும் ஒரு சுமை. "கண்ணகி நகரா?" என்று கேட்டுவிட்டு வேலை தராமல் அனுப்பிய கதையை அங்குள்ள இளைஞர்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். ஒரே வகை மக்களை ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கொண்டுபோய் அடைத்துவிட்டு, பிறகு அந்த இடத்தின் பெயரைக் கெடுப்பது அநியாயம்.

வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. இடிந்துபோன பழைய திட்டப்பகுதிகளை அதே இடத்தில் திரும்பக் கட்டும் வேலையும் நடக்கிறது. இருந்த இடத்திலேயே வீடு என்ற பழைய கொள்கைதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

பெண்களின் வருமானம் கூடியிருக்கிறதா?

கையில் நிற்கும் பணம் கூடியிருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வரை மிச்சம். 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், அதுவும் வங்கிக் கணக்கில், அவர் பெயரில். சிறிய தொகை என்று வசதியானவர்கள் சொல்லலாம். தாயாரின் மாத்திரையும் பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் யாரிடமும் கேட்காமல் வாங்க முடிகிறது.

வேலையிடம் அவ்வளவு மாறவில்லை. நாள் முழுவதும் நின்றுகொண்டே இருந்த துணிக்கடைப் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் விடுதிகளின் நிலை வெளியே தெரிந்தது. 2024-ல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அந்தப் பெண்கள் சாலைக்கு வராமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று சந்தேகப்படுகிறேன்.

நூறு நாள் வேலை சென்னையில் கிடைக்குமா?

கிடைக்காது. அந்தத் திட்டம் (2025 டிசம்பரில் வந்த புதுச் சட்டத்தில் 125 நாள்) ஊரகப் பகுதிக்கு மட்டும். கிராம ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சியோடு சேர்க்கும்போது மக்கள் எதிர்ப்பதற்கு இது முக்கியக் காரணம்: பெயர் மாநகராட்சி ஆகும், வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும். 2021-ல் நகர்ப்புறத்துக்கும் ஒரு வேலைவாய்ப்புத் திட்டத்தை 100 கோடி ரூபாயில் சோதனை முறையில் தமிழக அரசு அறிவித்தது. கேரளத்தில் அய்யன்காளி பெயரில் 2010 முதல் அப்படி ஒன்று நடக்கிறது. மழைக்கு முன் வடிகால் தூர்வாருவது, பூங்காப் பராமரிப்பு என்று சென்னையில் செய்ய வேண்டிய வேலைக்குப் பஞ்சமில்லை. ஐப்பசிப் பள்ளத்தை அடைக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

வடமாநிலத்தவர் வந்ததால்தான் கூலி குறைந்ததா?

அவர்களுக்குக் குறைந்த கூலி தரும் ஒப்பந்தக்காரரைக் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒடிசா, பீகார், வங்காளம், அசாமிலிருந்து வந்தவர்கள் தகரக் கொட்டகையில் தங்கி, வார விடுமுறை இல்லாமல் வேலை செய்கிறார்கள். 2014 ஜூன் 28-ல் மவுலிவாக்கம் கட்டடம் சரிந்தபோது 61 பேர் இறந்தார்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் அதில் பலர். 2025 செப்டம்பர் 30-ல் எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அசாம்காரர்கள். குறைந்தபட்சக் கூலியும் பாதுகாப்பும் அவர்களுக்கும் கறாராக அமலானால் உள்ளூர் கொத்தனாரின் கூலியும் காப்பாற்றப்படும்.

ஸ்விக்கி, சொமாட்டோ ஓட்டுபவர்கள் தொழிலாளர்களா?

கம்பெனிகள் "பார்ட்னர்" என்கின்றன. வண்டி அவர்களுடையது, பெட்ரோல் அவர்களுடையது, விழுந்து கால் உடைந்தால் செலவும் பெரும்பாலும் அவர்களுடையது. 2023 டிசம்பரில் தமிழ்நாடு இப்படிச் செயலி வழியாக வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்குத் தனி நலவாரியம் அமைத்தது. மாநகராட்சி 2025-ல் அண்ணா நகரிலும் தி.நகரிலும் அவர்களுக்குக் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. இரண்டும் நல்லவை. ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்ற விலையைக் கம்பெனி தன்னிச்சையாகக் குறைப்பதற்கு இன்னும் கடிவாளம் இல்லை.

அரசு உதவிகள் இல்லையென்றால் என்ன ஆகும்?

பசி திரும்ப வரும். 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். பிள்ளைகளுக்குப் பள்ளியில் காலையும் மதியமும் சாப்பாடு. மேலே காட்டிய குடும்பத்தின் மளிகைச் செலவு 9,000-இல் நிற்பதே இவற்றால்தான்.

நலவாரியத்தில் பதிவு செய்வது எப்படி? என்ன பயன்?

18 முதல் 60 வயது வரை உள்ள அமைப்புசாராத் தொழிலாளர் யாரும் பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது. கட்டுமானத் தொழிலாளருக்கு 1994 முதலும், வீட்டு வேலை செய்பவருக்கு 2007 முதலும் தனி வாரியம் இருக்கிறது. ஆட்டோ ஓட்டுநர், சலவை, முடிதிருத்தம், தையல் என ஒவ்வொன்றுக்கும் உண்டு. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், வயதுச் சான்று, வேலைச் சான்று வேண்டும். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை கிடைக்கும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓய்வூதிய வயதில் அலைகிறார்கள். கட்டுமான வாரியத்தின் நிதி, கட்டடச் செலவில் ஒரு சதவீதமாக வசூலாகும் வரியிலிருந்து வருவது. தொழிலாளியின் உழைப்பிலிருந்து அவருக்காகவே எடுத்து வைத்த பணம் அது, தயங்காமல் கேளுங்கள்.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், அட்டை தரவில்லை. என்ன செய்வது?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். முதலில் காப்பீட்டு எண்ணைக் கேளுங்கள். எண் இருந்தாலே கே.கே.நகர், அயனாவரம் மருத்துவமனைகளில் குடும்பத்தோடு சிகிச்சை பெறலாம். எண்ணே இல்லையென்றால் பிடித்த பணத்தைக் கட்டவில்லை என்று பொருள். சம்பளச் சீட்டுடன் ஈ.எஸ்.ஐ. மண்டல அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கூலிப் பாக்கி வைத்துவிட்டு கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. பணம் கிடைக்குமா?

ஆதாரம் இருந்தால் வாய்ப்பு நிறைய. மேஸ்திரியின் ஆள் நோட்டில் உங்கள் பெயர் உள்ள பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஜிபேயில் வந்த முன்பணம், வாட்ஸ்அப்பில் "நாளைக்கு சைட்டுக்கு வா" என்று வந்த குரல் செய்தி, கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயர் எல்லாம் சாட்சிதான். ஒப்பந்தக்காரர் தரவில்லையென்றால், அவரை அமர்த்திய முதன்மை முதலாளி தர வேண்டும் என்பது சட்ட விதி. வேலை நடந்த இடத்துக்கு உரிய தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனு கொடுங்கள். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் ஆணையரகத்தில் கேட்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். தனியாகப் போவதைவிட, பாக்கி உள்ள எல்லாரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுப் போவது நல்லது.